நாலு மணிக்குள் வீடு

கிளிப்புகள் விழுகிற சத்தம். பிளாஸ்டிக் கிளிப்புகள், சிமெண்டுத் தரையில், ஒன்றன் பின் ஒன்றாக. மேலே யாரோ கொடியிலிருந்து துணியை அவசரமாக உருவிக்கொண்டிருக்கிறார்கள். மழை இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்பதற்கு இந்த ஊரில் முதல் இடி இதுதான். இதே பெங்களூரில் விவேக் நகரை விட்டு நான் வந்து வருடங்களாகின்றன. ஆனாலும் இந்தச் சத்தம் கேட்டதும் என் காது கதவுப் பக்கம் திரும்பிவிடுகிறது. இப்போது கதவு தட்டப்படும். மாடி வீட்டு அக்கா இரண்டு கையிலும் என் சட்டைகளை அள்ளிக்கொண்டு நிற்பார். "தம்பி, உங்க துணி. ஜீன்ஸ் மட்டும் ஈரம். ஃபேனுக்குக் கீழ போடுங்க" என்பார்.

கதவு தட்டப்படவில்லை. மழை மட்டும் வருகிறது.

அந்தக் கட்டடத்தில் யாருடைய துணியையும் அக்கா நனைய விட்டதில்லை. யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கோரமங்களா பக்கத்து வானம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்ததும் மாடிக்கு ஓடுவார். யாருடைய புடவை, யாருடைய பனியன் என்றெல்லாம் பார்க்காமல் மொத்தத்தையும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவார். கீழ்வீட்டு அம்மாளுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். "என் பாவாடையை எல்லாம் அவங்க எதுக்குத் தொடணும்?" என்று என்னிடம் முணுமுணுத்தார். அது அக்காவின் காதுக்குப் போனது. "நனைஞ்சா நாறும். நாறுனா படிக்கட்டு பூரா நாறும். எனக்கு மூக்கு இருக்கே" என்றார் அக்கா. அடுத்த மழைக்கும் அந்தப் பாவாடை நனையவில்லை.

அக்காவின் குடும்பம் பெங்களூருக்கு வந்து மூன்று தலைமுறை. தாத்தாவும் அப்பாவும் மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அக்கா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், அடிபட்ட வண்டிகளுக்கு இழப்பீடு தருவதா வேண்டாமா என்று பார்க்கிற பிரிவில் இருந்தார். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. நடந்து முடிந்த ஒவ்வொன்றையும் இது நடந்திருக்க வேண்டியதில்லை என்று படித்துப் படித்துப் பழகிய கண். அந்தக் கண்தான் வானத்தையும் பார்த்தது. கைப்பேசியில் வானிலைக்கென்று மூன்று செயலிகள் வைத்திருந்தார். ஒன்று வெயில் என்று சொன்னால் போதாது. "மூணும் ஒத்துக்கணும்" என்பார், மூன்று சாட்சிகளை நிறுத்தி விசாரிக்கிறவர் போல. ஒருமுறை எங்களை எல்லாம் ஒரு வண்டியில் ஏற்றி நந்தி மலைக்குக் கிளப்பினார். ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றாவது சாட்சி பல்டி அடித்துவிட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னார். நாங்கள் கட்டிக்கொண்டு போன புளியோதரையை விவேக் நகர் மொட்டை மாடியிலேயே சாப்பிட்டோம். அன்றைக்குப் பூரா ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அக்கா வெட்கப்படவும் இல்லை. "விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அந்த வண்டியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே வந்தார். "மேடம் சொன்னா சரி" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவர். ஏன் அதை விட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் படிக்கட்டில் எதிரே வந்தார். கை நீட்டினேன். என் கை அவருக்குப் பக்கவாட்டில் அந்தரத்திலேயே நின்றது. அவர் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அவருக்குத் தெரியவில்லை.

"ஓரமெல்லாம் போயிடுச்சு தம்பி" என்று சிரித்தார். "நடுவுல மட்டும் தெரியுது. வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் பட்டை கட்டுன மாதிரி."

விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிற நோய். எப்போது முழுதும் மூடும் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. நல்ல வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். மேகம் மூடினால் பாதி தெரியாது. பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தாலும் கண் பழக நேரமெடுக்கும். இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்கு அந்த மூன்று சாட்சிகள் வேறு மாதிரி தெரிந்தார்கள். மற்றவர்களுக்கு மேகம் என்றால் குடை. அக்காவுக்கு மேகம் என்றால் அண்ணனுக்கு ஒரு நாள் குறைந்தது.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது. மருந்துக்கடையில் கொடுத்தது. வருடம் முடிந்தும் அதைக் கழற்றவில்லை, அக்டோபரிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தாளில் ஒரு மலைச்சரிவு. சரிவு முழுக்க மஞ்சளும் செம்புமாக மரங்கள். நடுவில் கல்லால் கட்டிய உயரமான கோபுர வீடுகள், மேலே பனி. மூலையில் பொடி எழுத்தில் ஸ்வானெட்டி, ஜார்ஜியா என்று போட்டிருந்தது. அண்ணன் தினமும் காலையில் காப்பியோடு அதன் முன்னால் நின்று, தலையை மெல்ல அசைத்து அசைத்து, படத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பார்.

"கண்ணு இருக்கறப்பவே இதை ஒரு தடவை நேர்ல பார்த்துடணும்" என்றார் ஒரு நாள். அவ்வளவுதான். அக்கா அன்றைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பயணத் திட்டம் போட உட்கார்ந்துவிட்டார்.

வீட்டு உரிமையாளருக்கு யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள். "ஜார்ஜியாவா? அமெரிக்கால தானே, என் தங்கச்சி மருமகன் அங்கதான் இருக்கான்" என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ருஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கிற வேறு நாடு என்று அண்ணன் எவ்வளவு சொல்லியும் அவருக்கு ஏறவில்லை.

பிறகு எத்தனையோ மாலைகள், மழைக்கு உள்ளே வந்துவிட்ட மாலைகள், அவர்கள் சமையலறை மேசையில் நாங்கள் மூவரும். எனக்கு மென்பொருள் வேலை என்பதால், விமானமும் விடுதியும் தேடித் தருகிற பொறுப்பு என் தலையில். அந்தச் சின்ன நாட்டுக்குள் எத்தனை வானங்கள். மேற்கே கருங்கடல் ஓரத்து ஊர், வருடம் பூரா நசநசவென்று மழை. கிழக்கே திராட்சைத் தோட்டங்கள், வறண்ட வெயில், அறுவடைக் காலம். வடக்கே மலை, ஒரு பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும்போது அடுத்ததில் பனி விழுகிறது. ஒரே வாரத்துக்கு ரெயின்கோட்டும் பருத்திச் சட்டையும் கம்பளியும் எடுத்துப் போக வேண்டிய நாடு. மலையில் இலை நிறம் மாறுவது அக்டோபரில் கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் தெளிந்த வானம் வேண்டும். அதுதான் அக்கா கேட்டது. அது மட்டும்தான் கேட்டார். நான் அந்த ஊருக்கு இன்னும் போனதில்லை. ஆனால் அதன் வானிலை என் கைப்பேசியில் இன்றும் பெங்களூருக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

முதல் வருடம் டிக்கெட் போடப்போகிற நேரத்தில் ஒரு சாட்சி தலையாட்ட மறுத்தது.

"மூணுல ஒண்ணு மழைங்குது" என்றார் அக்கா.

"அது ரொம்ப நாள் தள்ளி வர்ற மழைக்கா. இங்க இருந்து யாராலயும் அதைச் சொல்ல முடியாது."

"சொல்லுதே, பாருங்க."

"நம்ம கல்யாணத்தன்னைக்குக் கூடத்தான் மழை" என்றார் அண்ணன். "யாரும் தள்ளி வைக்கலையே."

"அப்ப ப்ளான் போட்டது உங்க அப்பா. நான் இல்லை."

"சரி, மேகமாவே இருக்கட்டும். மலை எழுந்து ஓடியா போயிடும்?"

"மலை ஓடாது. உங்க கண்ணுக்குத் தெரியாது."

அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அண்ணன்தான் சிரித்தார். "அதுவும் சரிதான். மேடம் சொன்னா சரி."

இரண்டாம் வருடம் அக்கா காத்திருந்தார். ஒன்று ஒத்துக்கொண்டது. பிறகு இரண்டு. மூன்றும் ஒத்துக்கொண்டபோது மலையில் இலைகள் உதிர்ந்து முடிந்திருந்தன.

இடையில் கண் பரிசோதனைகள். போய் வந்ததும் அண்ணன் எனக்கு நிலவரம் சொல்வார், யாருடைய கண்ணைப் பற்றியோ சொல்வது போல. "முன்னாடி தோசை சைஸுக்குத் தெரிஞ்சுது தம்பி. இப்ப ஊத்தப்பம். இட்லி ஆகறதுக்குள்ள போயிட்டு வந்துடணும்." அக்கா அடுப்படியிலிருந்து, "எதுக்கெடுத்தாலும் தின்பண்டம்தானா?" என்பார். குரலில் கோபம் இருக்கும். முகத்தை எங்கள் பக்கம் திருப்பமாட்டார்.

மூன்றாம் வருடம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டிக்கெட் போட்டுடுங்க தம்பி. மேடத்துக்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

"அக்கா என்னைச் சும்மா விடமாட்டாங்கண்ணே."

"உங்களைத் திட்டறது எனக்குக் கேட்கும். காது நல்லாத்தான் இருக்கு, வந்து தடுத்துடறேன்" என்றார். பிறகு மெதுவாக, "இட்லிக்கு வந்துட்டேன் தம்பி" என்றார்.

போட்டுவிட்டேன். அக்கா என்னோடு சில நாள் பேசவில்லை. துணி மட்டும் கதவு முன்னால் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிறகு ஒரு மாலை தானே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பயணத்தை நாள் நாளாகச் சொன்னார். எங்கே தங்குவது, எங்கே எந்தப் பக்கத்து ஜன்னல், எந்தப் பாதையில் மண் சரியும். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறைத்தது. எல்லா நாளும் விடியும்போதே தொடங்கியது. எல்லா நாளும் நாலு மணிக்கு முடிந்தது. நாலு மணிக்கு அறைக்குத் திரும்புதல். அதன்பின் ஒன்றுமில்லை.

நாலு மணி என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் சிரிக்கும், மத்தியானம் புழுங்கும், நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்துக் கொட்டும். அக்கா பிறந்ததிலிருந்து அந்தக் கடிகாரத்துக்குள் வாழ்ந்தவர். நாலு மணிக்குள் காய்கறி, நாலு மணிக்குள் வங்கி, நாலு மணிக்குள் வீடு.

"அங்க இருக்கிற மழைக்கு நாலு மணி தெரியாதுக்கா" என்றேன்.

"மழைக்கு எல்லா ஊர்லயும் ஒரே புத்திதான் தம்பி. வெயில் ஏறும், சூடாகும், மத்தியானத்துக்கு மேல கொட்டும். நீங்க பள்ளிக்கூடத்துல படிக்கலையா?"

"நான் செய்யாறுல படிச்சேன்க்கா. அங்க மழையே கிடையாது."

அண்ணன் சத்தமாகச் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டார். பேச்சு அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது ஒரு சின்ன விஷயம்.

போனார்கள். வந்தார்கள். திராட்சைப் பாகில் முக்கிக் காயவைத்த வால்நட் சரம் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க உருகி வழிந்த மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது, தின்றால் நன்றாக இருந்தது. திராட்சைத் தோட்டத்தைப் பற்றி அண்ணன் விடாமல் சொன்னார். அங்கே வெயில் கண்ணாடி மாதிரி அடித்ததாம். ஒவ்வொரு குலையாகத் தேடித் தேடிப் பார்த்தாராம், ஒரு கிழவர் கூடையோடு திராட்சையை நீட்டியபோது அவர் நகத்துக்குள் இருந்த சாறு வரை தெரிந்ததாம். கடல் ஊரில் குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனதாம். மலையைப் பற்றி அவராகச் சொல்லவில்லை.

படிக்கட்டில் வீட்டு உரிமையாளர் பிடித்துக்கொண்டார். "அமெரிக்கா ஹேகித்து சார்?" என்றார். கன்னடத்தில், எப்படி இருந்தது என்று கேட்கிறார்.

"மோடா சார். பரீ மோடா" என்றார் அண்ணன். மேகம், வெறும் மேகம். பிறகு தமிழில் என் பக்கம் திரும்பினார். "மலையில இருந்த நாளெல்லாம் மூடிக்கிட்டே இருந்துச்சு தம்பி. ஒரு நாள் சாயங்காலம் மட்டும் தூக்கத்துல கேட்டுச்சு, வெளியில எல்லாரும் கை தட்டுனாங்க. எதுக்குன்னு தெரியலை."

"யாருக்கோ பொறந்தநாள்" என்றார் அக்கா, பின்னால் படியில் நின்றபடி.

அதற்குப் பிறகு ஒரு மதியம் வானம் கறுத்தது. கிளிப்புச் சத்தம் கேட்கவில்லை. மழை விழுந்த பிறகுதான் எனக்குத் துணி ஞாபகம் வந்து மாடிக்கு ஓடினேன். மாடிக் கதவுக்கு உள்ளே அக்கா நின்றிருந்தார். கொடியில் எல்லார் துணியும் நனைந்து கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த ஈரத்தை விட அந்த வார்த்தை என்னைப் பயமுறுத்தியது.

மலையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவந்தது அவரைக்காய்ப் பருவத்தில். அக்கா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். விரலால் அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நானும் ஒரு கை எடுத்தேன். அண்ணன், வீட்டு உரிமையாளரோடு முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பருப்பைப் பார்த்துக்கொண்டே அவராகத்தான் சொன்னார்.

அது அந்த மலையூரில் கடைசி நாள். காலையிலிருந்து மேகம். அண்ணனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே ஒரு பெஞ்சுக்குக் கூட்டிப்போய், எதிர்ச்சரிவு திறக்கட்டும் என்று உட்கார வைத்திருக்கிறார். மத்தியானமும் ஆயிற்று. திறக்கவில்லை. "நாலாகப் போகுது, எழுந்திருங்க" என்றிருக்கிறார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே, காத்து நல்லாயிருக்கு" என்றிருக்கிறார் அண்ணன். "மழை பிடிச்சுக்கும். வழுக்கும்." மேடம் சொன்னால் சரி. அறைக்கு வந்து, திரையை இழுத்து விட்டு, அண்ணன் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டார்.

"டீ வாங்கலாம்னு வராந்தாவுக்கு வந்தேன் தம்பி. திறந்துடுச்சு."

மேகம் நடுவில் கிழிந்து, சாய்ந்த வெயில் முழுவதும் அந்த ஒரே சரிவின் மேல் விழுந்திருக்கிறது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் தங்களை மறந்து கை தட்டியிருக்கிறார்கள். அக்கா நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவர் விரல் நின்றது. பிறகு உள்ளே ஓடி, அண்ணனை எழுப்பி, செருப்புக்கூட இல்லாமல் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இருட்டறையிலிருந்து வந்த கண். கூசிக் கூசித் தண்ணீர் விடுகிறது. முகவாயைப் பிடித்து மலைப் பக்கம் திருப்பி, "அங்க, இன்னும் மேல, இன்னும் மேல" என்றிருக்கிறார். அந்த இட்லி அளவுப் பார்வை வானத்தில் மலையைத் தேடி அலைந்துகொண்டிருக்கும்போதே மேகம் மூடிவிட்டது.

"'என்னம்மா, வந்துச்சா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"வரலைங்க, வரும்னு நினைச்சேன்னு சொன்னேன்."

மறுநாள் விடியும்போது மலையை விட்டு இறங்கியிருக்கிறார்கள். தூறல்.

"இன்னும் அண்ணன்கிட்ட சொல்லலையாக்கா?"

அக்கா தோல்களையெல்லாம் வழித்து முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

மற்றவர்கள் துணியில் மழை படக்கூடாது என்று ஓடிய பெண் அவர். ஒரு நாளும் வீணாகக்கூடாது என்றுதான் எல்லா நாளையும் எண்ணிக் காத்தார். அந்த மனிதரின் கண்ணுக்காக இத்தனை வருடம் தேடிய வெளிச்சம் கடைசியில் அக்காவின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் அதன்பின் அந்த ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அக்கா அறையை விட்டுப் போய்விடுவார். அண்ணன் அந்தக் காலடிச் சத்தம் போன திசையைப் பார்ப்பார். அவர் எதையாவது ஊகித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

படிக்கட்டு அண்ணனுக்கு முடியாமல் போனது. மைசூரில் அவர் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். அவர்கள் கிளம்பிய அன்று வியாழக்கிழமை. வாராவாரம் அன்றைக்குத் தேவாலயத்தில் நடக்கும் ஜெபத்துக்குப் போகிற கூட்டத்தால் தெரு அடைத்துக்கொண்டு, வாடகைக் கார் முனையிலேயே நின்றுவிட்டது. அண்ணனைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஏற்றினேன். உட்கார்ந்ததும், "தம்பி எங்க இருக்கீங்க, பேசுங்க" என்றார். பேசினேன். என் குரல் வந்த பக்கம் துழாவிக் கையைப் பற்றினார். "மைசூருக்கு வாங்க. நல்ல வெயில் அடிக்குமாம். மேடம் விசாரிச்சுட்டாங்க" என்றார்.

சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு அக்கா வந்தார். காருக்குப் போகாமல் என் பக்கம் வந்து, கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"நீங்க ஒரு தடவை அந்த ஊருக்குப் போயிட்டு வாங்க தம்பி. பார்த்துட்டு, நேரா மைசூருக்கு வந்து அவர்கிட்ட சொல்லுங்க. என்ன நிறம், எங்க இருந்து வெயில் வந்துச்சு, எல்லாத்தையும் விடாம சொல்லுங்க."

"நீங்களே சொல்லலாமேக்கா."

"நீங்க சொன்னா அவர் ஆசையா கேப்பாரு. நான் சொன்னா, நான் மட்டும் பார்த்துட்டேன்னு ஆயிடும்."